வாயால் சொன்னால் போன் எழுதும்... மருந்து அளவை மட்டும் விரலால் எழுதுங்கள்!

"லிட்டருக்கு 4 கிராம்னு அனுப்பியிருக்கீங்களே அண்ணே... கணக்குப் போட்டா ஏக்கருக்கு எட்டு பாக்கெட் வருது. சரியாத்தான் அனுப்புனீங்களா?"

மருந்துக் கடை வாசலில் நின்றபடி பக்கத்துக் காட்டுக்காரர் போனில் கேட்ட கேள்வி இது. மறுமுனையில் இருந்தவர் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டாரத்தைச் சேர்ந்த மானாவாரி விவசாயி. கையில் இருந்த மண்வெட்டியைப் போட்டுவிட்டு, முந்தைய நாள் மாலை தான் அனுப்பிய செய்தியைத் திறந்து பார்த்தார். 'லிட்டருக்கு 4 கிராம்' என்றுதான் இருந்தது. ஆனால், அவர் வாயால் சொன்னது 'புள்ளி நாலு கிராம்'. போன் எழுதும்போது புள்ளி காணாமல் போய்விட்டது. அதைப் படித்துப் பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

"தம்பி, வாங்காதே. புள்ளி நாலு. பத்து லிட்டர் டேங்குக்கு நாலு கிராம். ஏக்கருக்கு ஒரு பாக்கெட் போதும்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

நல்லவேளையாக, பக்கத்துக் காட்டுக்காரர் பாக்கெட் கணக்குப் போட்டுப் பார்த்தார். போடாமல் இருந்திருந்தால், சிபாரிசைப்போல பத்து மடங்கு மருந்து அவருடைய சோளத்தில் விழுந்திருக்கும். பணம் வீணாவது ஒரு பக்கம். தெளிப்பவரின் உடம்புக்குக் கேடு, தேனீக்களுக்கும் நன்மை செய்யும் பூச்சிகளுக்கும் சாவு என்று பல வகையிலும் பாதிப்பு வந்திருக்கும்.

இவ்வளவு நடந்த பிறகும் அந்த விவசாயி போனில் குரலால் எழுதுவதை விட்டுவிடவில்லை. எதைக் குரலால் எழுதுவது, எதை விரலால் எழுதுவது என்று பிரித்துக்கொண்டார். போனில் தமிழில் எழுதத் தயங்கி நிற்கும் விவசாயிகளுக்கு அவர் ஒரு வாரம் பட்ட பாடு உதவும். 'ஊர்ல தெரிஞ்சா கிண்டல் பண்ணுவாங்க, பேரு மட்டும் வேண்டாம்' என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை.

மகள் இல்லாத வீட்டில் வந்த புழு

அவருக்கு இரண்டு ஏக்கர் நிலம். புரட்டாசி மழையில் மக்காச்சோளம் விதைத்திருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் யாருக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால், போனில் ஒரு வரி எழுதியதில்லை. வட்டார வேளாண்மை அலுவலகத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஏதாவது கேட்க வேண்டும் என்றால், இவர் சொல்லச் சொல்ல மகள் தட்டி அனுப்புவாள். மகள் நர்சிங் படிப்புக்காகத் திருச்சிக்குப் போய் விடுதியில் தங்கிவிட்டாள்.

விதைத்த பதினெட்டாம் நாள், இலைகளில் பச்சையம் சுரண்டப்பட்டு, வெள்ளைக் கண்ணாடிபோல ஜன்னல் ஜன்னலாகத் தெரிந்தது. சில செடிகளின் குருத்தில் ஈரமான மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தது. குருத்தைப் பிரித்துப் பார்த்தால் புழு. தலையில் தலைகீழான ஆங்கில 'ஒய்' எழுத்துபோல வெள்ளைக்கோடு. வாலுக்கு முந்தைய கண்டத்தில் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். 2018-ம் ஆண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்து மக்காச்சோள விவசாயிகளைக் கலங்கடித்த அமெரிக்கன் படைப்புழுதான் அது.

குழுவில் கேட்க வேண்டும். குரல் பதிவாக அனுப்பலாம் என்று முதலில் முயன்றார். காட்டில் நின்று பேசியதால் காற்றுச் சத்தம்தான் அதிகம் கேட்டது. தவிர, ஒரு நாளைக்கு ஐம்பது அறுபது குரல் பதிவுகள் வந்து குவியும் குழுவில், ஒவ்வொன்றையும் கேட்டு முடித்துப் பதில் சொல்வது யாருக்கும் எளிதல்ல. எழுத்தில் கேட்டால் ஒரு பார்வையில் படித்துவிடலாம். அடுத்த ஆண்டு தேவைப்பட்டால் தேடியும் எடுக்கலாம். எனவே, எழுதியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தார்.

மூன்று வரிக்கு அரை மணி நேரம்

முதலில் தமிழ் விசைப்பலகையில் தட்டிப் பார்த்தார். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று மொத்தம் 247 எழுத்துகள். இவை அத்தனைக்கும் போன் திரையில் தனித்தனிக் கட்டம் போட இடமில்லை. அதனால்தான் உயிரையும் மெய்யையும் சேர்த்துத் தட்டும் முறைகள் வந்தன. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ்99' விசைப்பலகை இந்த வகைதான். இதில் 'க'வையும் 'இ'யையும் அடுத்தடுத்துத் தட்டினால் 'கி' வந்துவிடும். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-ம் ஆண்டிலேயே பொத்தான் போன்களில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது.

பழகியவர்களுக்கு இவை வேகமான முறைகள். நம் விவசாயிக்குப் பழக்கமில்லை. களை வெட்டிக் காய்ப்பு ஏறிய விரல், ஒரு கட்டத்தைத் தொட்டால் பக்கத்துக் கட்டம் அழுந்தியது. 'ஞ' எங்கே இருக்கிறது என்று தேடவே இரண்டு நிமிடம். மூன்று வரி எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆனது.

அடுத்து, பிள்ளைகள் செய்வதுபோல ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக மாற்றும் முறை. இதற்கு ஆங்கில எழுத்து கைக்கு ஓட வேண்டும். தட்டிய பிறகும், களையா கலையா காலையா என்று போன் காட்டும் சொற்களில் சரியானதைப் பார்த்துத் தொட வேண்டும். 'களைக்கொல்லி' கேட்டால் 'கலைக்கொல்லி' வந்து நின்றது. அன்றே அதைக் கைவிட்டுவிட்டார்.

குருத்து 'கருத்து' ஆன கதை

இரவு மகளிடம் பேசியபோது, "அப்பா, அந்தக் கீபோர்டுலயே மேல ஒரு மைக் படம் இருக்கும். அதைத் தொட்டுட்டுப் பேசுங்க, அதுவே எழுதும்" என்றாள். அவர் வாட்ஸ்அப்பில் செய்தி எழுதும் கட்டத்துக்கு வலப்பக்கம் இருக்கும் மைக்கை அழுத்திப் பேசினார். அது குரல் பதிவாகப் போய்விட்டது. மகள் சொன்னது விசைப்பலகையின் மேல்வரிசையில் இருக்கும் சின்ன மைக். பலரும் தடுமாறும் இடம் இதுதான்.

கூகுள் நிறுவனம் தமிழில் குரல்வழித் தட்டச்சை 2017 ஆகஸ்டில் கொண்டுவந்தது. இன்று பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் 'ஜிபோர்டு' விசைப்பலகையில் இது இலவசமாகவே கிடைக்கிறது. நாம் பேசும் ஒலி இணையம் வழியாகப் போய், எழுத்தாக மாறித் திரும்பி வரும். சில புதிய போன்கள் சில மொழிகளை இணையம் இல்லாமலும் எழுதும். தமிழைப் பொறுத்தவரை, இணையம் இருந்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

மறுநாள் காலை, சரியான மைக்கைத் தொட்டுப் பேசினார். அவர் சொன்னது, 'மக்காச்சோளம் பதினெட்டு நாள் பயிர், குருத்துக்குள்ள புழு இருக்கு, களை எடுத்து நாலு நாள் ஆச்சு.' போன் எழுதியது, 'மக்காச்சோளம் 18 நாள் பயிர் கருத்துக்குள்ள புழு இருக்கு கலை எடுத்து நாலு நாள் ஆச்சு.'

பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி வாசிக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உங்க கருத்துக்குள்ளதாங்க புழு இருக்கு!"

ஆனால், அவர் கவனித்த விஷயம் வேறு. இவ்வளவும் எழுதப் பத்து விநாடிகூட ஆகவில்லை. இரண்டு சொற்கள்தான் தப்பு. மீதியெல்லாம் சரி. அப்படியானால், தப்பும் சொற்களை மட்டும் திருத்த வழி தெரிந்தால் போதும்.

சிலேட்டில் எழுதுவதுபோல ஒரு முறை

திருத்துவதற்கு மகள் இன்னொரு வழி சொன்னாள். கையெழுத்து முறை. இதைத் தேர்ந்தெடுத்தால் விசைக் கட்டங்கள் மறைந்து, திரையின் கீழ்ப்பாதி வெறுமையாகிவிடும். அதில் சிலேட்டில் எழுதுவதுபோல விரலால் எழுத வேண்டும். எழுதி விரலை எடுத்ததும், போன் அதை அச்செழுத்தாக மாற்றிவிடும். தமிழ்ச் சொல்லை உடைக்காமல் 'படைப்புழு' என்று முழுச்சொல்லாகவே எழுதலாம். சந்தேகம் இருந்தால், மேலே இரண்டு மூன்று சொற்களைக் காட்டும். சரியானதைத் தொட வேண்டும்.

மனு எழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாக வந்தது. 'குருத்து' என்று எழுதினார், 'குருத்து' என்றே விழுந்தது. ல, ள, ழ குழப்பம் இதில் இல்லை. எந்த எழுத்தை எழுதுகிறோமோ அதுதான் வரும். ஒருமுறை தமிழைத் தரவிறக்கிக்கொண்டால், இணையம் கிடைக்காத காட்டிலும் இது வேலை செய்யும். குறை என்னவென்றால், குரலைவிட வேகம் குறைவு. கை ஈரமாக இருந்தால் திரை விரலை உணராது. தோல் தடித்துக் காய்ப்பேறிய விரல்களிலும் சில நேரம் கோடு விட்டுவிடும். துண்டில் கையைத் துடைத்துவிட்டு, காய்ப்பு குறைந்த விரலால் எழுதினால் சரியாக வரும்.

இப்போது அவர் செய்யும் முறை இதுதான். முழுச் செய்தியையும் வாயால் சொல்லிவிடுகிறார். தப்பாக விழுந்த சொல்லை இரண்டு முறை தட்டித் தேர்ந்தெடுத்து, கையெழுத்து முறையில் திருத்துகிறார். எண்களை மட்டும் எண் விசையில் தட்டுகிறார். அரை மணி நேரம் ஆன மூன்று வரி, இப்போது மூன்று நிமிடம்.

பதில் வந்தது, புள்ளி போனது

கேள்வியை அனுப்பும் முன் வயலை ஒருமுறை அளந்தார். காட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, ஐந்து இடங்களில் இடத்துக்கு 20 செடி வீதம் 100 செடிகளைப் பார்த்தார். 14 செடிகளில் சேதம் இருந்தது. அதையும் எழுதி, குருத்தின் படம் ஒன்றும், புழுவின் படம் ஒன்றும் சேர்த்து அனுப்பினார். கேள்வி தெளிவாக இருந்ததால் அன்று மதியமே பதில் வந்துவிட்டது. சேதம் 10 சதவிகிதத்தைத் தாண்டிவிட்டதால், இமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. மருந்தை லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் கலந்து, மாலை நேரத்தில் குருத்து நனையும்படி தெளிக்கச் சொல்லியிருந்தார்கள். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வைத்து அந்துப்பூச்சி வரத்தைக் கண்காணிக்கவும் சொன்னார்கள்.

இதுவரை எல்லாம் சரி. அன்று மாலை, குழுவில் இல்லாத பக்கத்துக் காட்டுக்காரர், "என்ன மருந்துண்ணே?" என்று கேட்டார். அவருக்கும் ஒரு ஏக்கர் மக்காச்சோளம். மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தபடியே, புதிதாகக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில், நம் விவசாயி மருந்துப் பெயரையும் அளவையும் குரலில் சொல்லி அனுப்பினார். அங்கேதான் புள்ளி தொலைந்தது.

கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 0.4 கிராம் வீதம் 80 கிராம் தேவை. 100 கிராம் பாக்கெட் ஒன்று போதும். லிட்டருக்கு 4 கிராம் என்றால் 800 கிராம். எட்டு பாக்கெட். இந்த எட்டு பாக்கெட்தான் பக்கத்துக் காட்டுக்காரரைச் சந்தேகப்பட வைத்தது.

"எழுத்துப் பிழைன்னா சிரிச்சுட்டுப் போயிடுவாங்க. அளவுல பிழைன்னா அடுத்தவன் காடு போயிடும். அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை" என்கிறார் அந்த விவசாயி.

அதற்குப் பிறகு அவர் தனக்குச் சில கட்டுப்பாடுகளைப் போட்டுக்கொண்டார். மருந்துப் பெயரையும் அளவையும் குரலில் சொல்வதே இல்லை. யாராவது கேட்டால், வந்த பதிலை அப்படியே முன்னனுப்புகிறார். அல்லது பாக்கெட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் புள்ளிக் கணக்கே வராமல், '10 லிட்டர் தண்ணீருக்கு 4 (நான்கு) கிராம், ஏக்கருக்கு ஒரு 100 கிராம் பாக்கெட்' என்று எண்ணிலும் எழுத்திலும் எழுதுகிறார். எண் தவறினாலும் எழுத்து காட்டிக்கொடுக்கும். இரண்டும் தவறினாலும் பாக்கெட் கணக்கு காட்டிக்கொடுக்கும்.

டேங்க் கொள்ளளவையும் அவர் மறப்பதில்லை. பழைய கைத்தெளிப்பானில் 10 லிட்டர் பிடிக்கும். இப்போது பலரிடம் இருக்கும் பேட்டரி தெளிப்பானில் 16 லிட்டர் பிடிக்கிறது. 'டேங்குக்கு இவ்வளவு' என்று மட்டும் எழுதினால், வாங்குபவர் எந்த டேங்கை நினைப்பார் என்று சொல்ல முடியாது.

இரண்டு காடுகளிலும் சரியான அளவில் தெளித்தார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, புதிதாக விரிந்த குருத்துகளில் சேதம் சில செடிகளில் மட்டுமே இருந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

1. பிளே ஸ்டோரில் 'ஜிபோர்டு' இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கும்.

2. விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள பல்சக்கரப் படத்தைத் தொட்டு, மொழிகள் என்ற பகுதிக்குப் போய், தமிழைச் சேருங்கள். அங்கேயே கையெழுத்து என்ற வகையையும் தேர்ந்தெடுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் வீட்டில் உள்ள பிள்ளைகளின் உதவியை வாங்கிக்கொள்ளலாம்.

3. எழுதும்போது, உலக உருண்டைப் படத்தைத் தொட்டால் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். உருண்டை தெரியாவிட்டால், கீழே உள்ள நீளமான இடைவெளி விசையை அழுத்திப் பிடியுங்கள். மொழிப் பட்டியல் வரும்.

4. குரலில் எழுத, விசைப்பலகையின் மைக்கைத் தொடுங்கள். மோட்டார், டிராக்டர் சத்தத்திலிருந்து தள்ளி நில்லுங்கள். வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். கத்த வேண்டாம். வழக்கமாகப் பேசும் வேகத்தில், ஒரு தடவைக்கு ஒரு வாக்கியம் சொல்லுங்கள்.

5. வாக்கியம் முடிந்ததும் நிறுத்தி, படித்துப் பாருங்கள். முற்றுப்புள்ளி தானாக விழாவிட்டால் நீங்களே வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாக்கியத்தின் வால் அடுத்த வாக்கியத்தின் தலையில் ஒட்டிக்கொண்டு பொருள் மாறும்.

6. பயிர், பூச்சி, நோய், மருந்து இவற்றின் பெயர்களைத் தனியாகக் கவனியுங்கள். இலைப்பேன், ஆனைக்கொம்பன், குலைநோய் போன்ற சொற்களில் போன் தடுமாறலாம். கையெழுத்து முறையில் திருத்துங்கள்.

7. எண்களை எண் விசையில் தட்டுங்கள். அனுப்பும் அம்புக்குறியைத் தொடுவதற்கு முன், எண்களை மட்டும் ஒருமுறை விரல் வைத்துப் படியுங்கள்.

கேள்வியில் என்னென்ன இருக்க வேண்டும்?

எந்த முறையில் எழுதினாலும், 'சோளத்துல புழு, என்ன மருந்து?' என்று மட்டும் கேட்டால் சரியான பதில் கிடைக்காது. பயிர், இரகம், விதைத்த தேதி, பரப்பு, மானாவாரியா இறவையா, அறிகுறி இலையிலா குருத்திலா வேரிலா, நூறு செடிக்கு எத்தனை செடி பாதிப்பு, இதுவரை போட்ட உரமும் தெளித்த மருந்தும் என்று எட்டு விவரங்கள் வேண்டும். இவற்றை ஒரு சீட்டில் எழுதி, சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, வரிசையாகப் பார்த்துச் சொன்னால் ஒரு நிமிடத்தில் முடியும்.

நம் விவசாயி அனுப்பிய கேள்வி இப்படி இருந்தது. 'மக்காச்சோளம், வீரிய ஒட்டு இரகம். வயது 18 நாள். 2 ஏக்கர், மானாவாரி. குருத்துக்குள் புழு, மரத்தூள் போல எச்சம். 100 செடியில் 14 செடிக்குச் சேதம். அடியுரம் போட்டிருக்கிறேன். மருந்து எதுவும் இன்னும் தெளிக்கவில்லை. படம் இணைத்துள்ளேன்.' இதைப் படிப்பவருக்குத் திருப்பிக் கேட்க எதுவும் இல்லை.

கேள்விக்கு மட்டுமல்ல, வயல் கணக்குக்கும் இந்த முறையை அவர் பயன்படுத்துகிறார். தனக்குத்தானே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிக்கொள்கிறார். விதைத்த நாள், மழை பெய்த நாள், உரம் வைத்த நாள், ஆள் கூலி எல்லாம் தேதியோடு அதில் நிற்கின்றன. அவர் மனைவிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால், பால் ஊற்றிய கணக்கை அவர்தான் தினமும் குரலில் சொல்லிப் பதிகிறார். லிட்டர் எண்ணை மட்டும் இவர் சரிபார்க்கிறார்.

திருச்சியில் இருக்கும் மகளுக்கு, அப்பா தன் விரலாலேயே எழுதிய முதல் செய்தி ஐப்பசியில் போனது. 'மழை நல்லா பெய்தது. புழு குறைந்துவிட்டது. நேரத்துக்குச் சாப்பிடு.' ஒரு பிழையும் இல்லை. "அப்பா, யாருப்பா எழுதிக் கொடுத்தது?" என்று மகள் போன் செய்து கேட்டாளாம்.

வாசகர்கள் கேட்கும் சந்தேகங்கள்

எங்கள் ஊர்ப் பேச்சு வழக்கில் சொன்னால் போன் புரிந்துகொள்ளுமா?

பெரும்பாலும் புரிந்துகொள்ளும். ஆனால், வட்டாரச் சொற்களில் தடுமாறும். பூச்சி, நோய்ப் பெயர்களை மட்டும் நிறுத்தித் தெளிவாகச் சொல்லுங்கள். அப்படியும் வராவிட்டால் கையெழுத்து முறையில் எழுதிவிடுங்கள். ஊர்வழக்குப் பெயர் என்றால், கூடவே ஒரு படமும் அனுப்புங்கள்.

எழுதியதைப் படிக்கக் கண் சரியாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

போனின் அமைப்புகளில் எழுத்து அளவைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். எழுதியதை நகலெடுத்து, கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியில் ஒட்டி, ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் அது தமிழில் வாசித்துக் காட்டும். காதால் கேட்டால் 'புள்ளி' விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும்.

குரலில் எழுதினால் டேட்டா நிறைய செலவாகுமா?

நான்கைந்து வரிக்கு ஆகும் டேட்டா மிகக் குறைவு. வீடியோ பார்ப்பதோடு ஒப்பிட்டால் கணக்கிலேயே வராது. காட்டில் சிக்னல் இல்லை என்றால் கையெழுத்து முறையில் எழுதி வையுங்கள். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் செய்தி போய்விடும்.

வங்கி விவரங்களையும் குரலில் சொல்லி எழுதலாமா?

கூடாது. ஒருமுறைக் கடவு எண், ஏ.டி.எம். ரகசிய எண், கணக்கு எண் இவற்றை வாய்விட்டுச் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். எண் தவறாகப் பதிந்தால் பணம் வேறு கணக்குக்குப் போகவும் வாய்ப்பு உண்டு.

எந்த முறையிலும் எழுத வரவில்லை. அவசரத்துக்கு யாரைக் கேட்பது?

கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். தமிழிலேயே பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் மருந்தின் பெயரையும் அளவையும், ஒரு பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுவிட்டுப் போனை வையுங்கள்.